இருபது வால்யூம்

இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. முதலாம் ஆண்டுக்காரனுக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தெரியும். நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அண்ணனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

காஹாங்கில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போக, தம்போயில் எங்கள் வாசலில் வேன் நின்றது. அப்பா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா சீர்தட்டுகளை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். அண்ணன் காதோர நரையோடு கண்ணாடி முன் தவித்தான். வாங்கிய தலைச்சாயப் பெட்டியில், கலக்க வேண்டிய திரவம் முழுக்கக் கசிந்துவிட்டது. அட்டையில் ‘இருபது வால்யூம் பெராக்சைட்’ என்று போட்டிருந்தது.

“இதுக்கா டென்ஷன்? நான் கலந்து தரேன்ணே” என்றேன்.

குளியலறைக் கறைக்கு வாங்கிய முப்பத்தைந்து சதவீதப் பெராக்சைட் வீட்டில் இருந்தது. இருபது வால்யூம் என்றால் இருபது சதவீதம் என்று நானே முடிவுகட்டி, அந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்துச் சாயத்தில் கலந்தேன். (கூட்டல் பெருக்கலில் பிழையே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.)

தடவிய கொஞ்ச நேரத்தில் அண்ணன் நெளிந்தான். “எரியுதுடா.”

“வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“மண்ட வேகுதுலா” என்று குளியலறைக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது நரை கறுக்கவில்லை. இருந்த கறுப்பும் பழுத்த பப்பாளி நிறமாகியிருந்தது. அம்மா, “அலமாக்! ஐயையோ!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையில் அவசரமாக உருமாலைக் கட்டி அவனை வேனில் ஏற்றினோம்.

வழியில் கைப்பேசியில் தேடினேன். வால்யூம் என்பது அந்தத் திரவம் தன்னைப் போல எத்தனை மடங்கு ஆக்சிஜன் வாயுவை வெளிவிடும் என்ற கணக்காம். இருபது வால்யூம் வெறும் ஆறு சதவீதம். இதை விளக்கினேன். அப்பா மறுபடி ஹாரன் அடித்தார்.

பெண் வீட்டில் அண்ணன் உருமாலுக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தான். இந்தச் சம்பந்தம் என்னால் போய்விடும் என்று எனக்கு உட்காரவே முடியவில்லை. மருந்தகத்தில் வேலை செய்யும் மணப்பெண் அவன் நெற்றி ஓரத்தில் தெரிந்த முடியைக் கவனித்துவிட்டார்.

“பெராக்சைடா? எத்தன பெர்சன்ட் போட்டீங்க?”

“இருபது” என்றான் அண்ணன்.

“யாரு கலந்தா?”

வேனில் வந்த அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்துபோய், தொட்டியிலிருந்த கற்றாழையை வெட்டி வந்து, “மொதல்ல உருமால கழட்டுங்க” என்றார்.

இன்று அவர் என் அண்ணி. அண்ணன் மகளுக்கு இருமல் வந்தபோது மருந்து ஊற்றலாம் என்று அளவு மூடியை எடுத்தேன். அவள் என்னிடமிருந்து அதை வாங்கி அண்ணியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “சித்தப்பா மூடிய மட்டும் கழுவட்டும்மா.”