மீசைக்காரரை முதல் பக்கத்தில் ஏற்றிவிட்ட தங்கையின் மன்னிப்பு

அன்பும் மரியாதையும் குறையாத அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அவரும் நலம். உங்கள் நலம், அண்ணியின் நலம், பூட்டுக் கடையின் நலம் அறிய ஆவல். அண்ணியின் தம்பி நலமாகத்தான் இருப்பார். அவருக்கு என்ன குறைச்சல்.

நேரில் சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். மூன்று வாரமாக உங்கள் கடைக்குப் புதிதாக ஒருவரும் போன் செய்யவில்லை அல்லவா? அதற்குக் காரணம் நான்தான்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சுவரில் அண்ணியின் தம்பி படம் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்கு இணையதளம் போட்டு, யார் எதைத் தேடினாலும் உங்கள் பெயரே முதலில் வருகிற மாதிரி செய்யப்போவதாக நாற்பத்திரண்டு ஸ்லைடு. ஒன்பது வருடமாக அதே வேலையைச் செய்து பிழைக்கிறவள் அந்த அறையிலேயே இருந்தேன். எங்கே இருந்தேன்? ஜன்னல் ஓரத்தில், சுவரில் வெயில் விழாமல் திரைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு! பல் டாக்டருக்கும் மெத்தைக் கடைக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுக்கிறவருக்கும் எழுதி எழுதி அவர்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவந்த இந்தக் கையால் திரைச்சீலை. அண்ணியோ, "தம்பி எதையுமே பெருசாத்தான் யோசிப்பான்" என்று பூரிக்கிறார். நீங்களாவது சும்மா இருந்திருக்கலாம். என் பக்கம் திரும்பி, "நீயும் நல்லா கவனி, உன் தொழிலுக்கு உபயோகமா இருக்கும்" என்றீர்கள். அந்த நிமிடம் என் வயிற்றில் பற்றியது, அண்ணா, இன்னும் அணையவில்லை.

மறு வாரமே மேம்பாலத்துக்குக் கீழே பூட்டுக் கடை வைத்திருக்கும் மீசைக்காரர் கூப்பிட்டார். "நம்ம கடையையும் கொஞ்சம் மேல வர வெக்கணும் மேடம்" என்றார். அண்ணனுக்குப் போட்டிக் கடை, முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று வந்துவிட்டது.

அண்ணியின் தம்பி உங்கள் தளத்தில் என்ன எழுதியிருந்தார்? 'அதிநவீன, ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தீர்வுகள்.' குளித்துவிட்டு வந்து துண்டோடு வாசலில் மாட்டிக்கொண்டவர் ஒருங்கிணைந்த தீர்வையா தேடுவார்? 'கதவு சாத்திக்கிச்சு, சாவி உள்ளே' என்றுதானே அவசரமாகப் போனில் தட்டுவார்! நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பதறிப்போன மனிதர் என்னென்ன கேட்பார் என்று வரிசையாக எழுதினேன். சாவி உடைந்து பாதி உள்ளே நின்றுவிட்டால், பழைய வாடகைக்காரர் சாவியைத் திருப்பித் தராமல் போனால், பீரோ சாவியைக் குழந்தை எங்கேயோ ஒளித்துவிட்டால். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் அன்றைக்குத் திறந்த பூட்டைப் பற்றித்தானே பேசுவீர்கள்! 'பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதே, பென்சில் கரியைத் தூளாக்கிப் போடு' என்று நீங்கள் நூறு தடவை சொன்னதைக்கூட விடாமல் எழுதினேன். உங்கள் வித்தை, அவர் கடை. மீசைக்காரர் ஐந்தாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்தார், மூன்று வாரத்துக்கு முன் முதல் பக்கத்தில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். நீங்கள் மூன்றாம் பக்கத்தில், ஒரு பாட்டு வகுப்புக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவருக்கும் நடுவில். தினமும் காலையில் பல் விளக்குமுன் இரண்டையும் பார்ப்பேன். இறக்கியது அண்ணனை அல்ல, அண்ணியின் தம்பியை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு காபி குடிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியுமே, ஆனால் பாதிதான் தெரியும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, குப்பையைப் போட வெளியே வந்தேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. கையில் போன், காலில் ஜோடி மாறிய செருப்பு. உங்கள் நம்பர் மனப்பாடம்தான். ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது? மீசைக்காரரைக் கூப்பிட்டேன். "ஐயோ மேடம், உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் நிக்கறாங்க. எல்லாம் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வந்தவங்கதான். சாயங்காலம் ஆயிடும்" என்றார். வேறு யாராவது அகப்படுவார்களா என்று தேடினால் வரிசையாக என் கட்டுரைகள்தான் வருகின்றன. 'பதற வேண்டாம், முதலில் ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள்' என்று நானே எனக்குச் சொல்கிறேன். இழுத்தேன். பால் பொங்கித் தீய்கிற நாற்றம்தான் வந்தது. எதிர்வீட்டு டீச்சர் வேறு, "அண்ணன் பூட்டு ரிப்பேர்தானே பண்றாரு? கூப்பிட வேண்டியதுதானே? ஏன், சண்டையா?" என்று படியில் உட்கார்ந்துகொண்டார்.

மானத்தை விட்டு உங்களைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் வந்தீர்கள், இரண்டு நிமிடத்தில் திறந்தீர்கள், அடுப்பையும் நீங்களே அணைத்தீர்கள். "முதல்லயே கூப்பிட்டிருக்கலாமே. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். மூணு வாரமா புதுசா ஒரு போன் இல்ல" என்றீர்கள். கருகிய பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தோடு விட்டீர்களா? "மீசைக்காரன் எழுதினதைப் படிச்சேன். எண்ணெய் விடாதே, பென்சில் கரி போடுன்னு போட்டிருக்கான். இத்தனை வருஷமா வெறும் சுத்தியலால உடைக்கிற ஆளுன்னு நினைச்சேன். விஷயம் தெரிஞ்சவன்தான். ஜனங்க அவன்கிட்ட போறது நியாயம்தான்" என்றீர்கள். அண்ணா, நீங்கள் திட்டியிருந்தால்கூட அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆகையால், அண்ணா, என்னை மன்னித்துவிடுங்கள். மீசைக்காரரிடம் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் கடைக்கு எழுதுகிறேன். அண்ணியின் தம்பியே தலைமை தாங்கட்டும். அவர் சொல்கிற இடத்தில் உட்காருகிறேன், வேண்டுமானால் திரைச்சீலையையும் பிடிக்கிறேன். பொறாமை என்கிற பிசாசு என்னை விட்டுப் போய்விட்டது, சத்தியமாக. அண்ணிக்கு என் அன்பு. அவர் தம்பி மேலும் மேலும் சிறக்க என் மனமார்ந்த வாழ்த்து.

என்றும் உங்கள் பாசத்துக்குரிய,
தங்கை

பின்குறிப்பு: உறை மேல் எழுத உங்கள் கடையின் கதவு எண் ஞாபகம் வரவில்லை, அதனால் உங்கள் தளத்தைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன் 'புதுப்பொலிவு' செய்ததாகக் கீழே போட்டிருக்கிறது. அண்ணா, அதில் உங்கள் போன் நம்பரில் ஓர் எண் குறைகிறது. மூன்று தடவை எண்ணினேன். எதிர்வீட்டு டீச்சரையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். ஒன்பதுதான். முதல் பக்கத்தில் இருந்தாலும் மூன்றாம் பக்கத்தில் இருந்தாலும் இந்த உலகத்தில் ஒருவராலும் உங்களைக் கூப்பிட்டிருக்க முடியாது. எனவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், வாழ்த்தையும் சேர்த்து. நம்பரை இப்போதைக்குத் திருத்தச் சொல்லாதீர்கள், அண்ணியிடமும் மூச்சு விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு ஸ்லைடு காட்ட வேண்டும். திரைச்சீலையை அண்ணியின் தம்பி பிடிக்கட்டும்.