கடைக்கு வந்தால் ஏறும் சர்க்கரை

காலையில் வெறும் வயிற்றோடு வீட்டில் பார்த்தால் நூற்றிரண்டு. அதே வெறும் வயிற்றோடு கடைக்கு வந்து, கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு விரலைக் குத்தினால் இருநூற்று அறுபது. பேக்கரி மாஸ்டருக்கு மண்டை காய்ந்தது.

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையேடி! எங்கேர்ந்து ஏறுது?"

"என்னை ஏன் கேக்கறீங்க? மெஷினைக் கேளுங்க" என்றாள் கல்லாவில் இருந்த மனைவி.

எல்லாம் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டதில் வந்த வினை. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் கணையத்திலுள்ள சில செல்கள் அதை மோப்பம் பிடித்து இன்சுலினைச் சுரக்கும். பரம்பரையாக வரும் சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகளால் சிலருக்கு இந்தச் செல்கள் சற்று மந்தம். ஒரு வேறுபாடு தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பல சேர்ந்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடும். "உங்களுக்குப் பல இருக்கு. ஆனா இது வாய்ப்புதான், வியாதி இல்லை. எதுக்கும் அப்பப்போ சுகர் பார்த்துக்குங்க."

மாஸ்டர் அன்றே மெஷின் வாங்கிவிட்டார். அப்பப்போ என்பது அவரிடம் அடிக்கடி ஆயிற்று.

"கடைக்கு வந்தாதான் என் ஜீன் முழிச்சுக்குது" என்றார்.

"ஏன், அதுக்கு என்ன ஆபீஸ் நேரமா?"

அடுப்புச் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டி, அடுப்பை மைத்துனனிடம் விட்டார். குளிர்ந்த அறையில் கேக்குக்கு ஐசிங் பூ வைக்கும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். முந்நூற்று நாற்பது!

"நின்னுக்கிட்டே இருக்கீங்கல்ல மாமா, அதான். உக்காந்து பாருங்க" என்றான் மைத்துனன்.

உட்கார்ந்தபடி செய்ய ஒரே வேலைதான் இருந்தது: சர்க்கரை மாவைப் பிசைந்து, கல்யாணக் கேக்குக்கு மாப்பிள்ளை, பெண் பொம்மை பிடிப்பது. மாப்பிள்ளைக்குக் கால் வைத்துவிட்டு விரலைக் குத்தினார். மெஷின் எண்ணே காட்டவில்லை. அளவைத் தாண்டிவிட்டதாம்.

"போதும். கடையை மூடிடறேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கின கடைங்க!" மனைவியின் குரல் உடைந்தது.

"கடை இருக்கும், நான் இருக்க மாட்டேன். பரவாயில்லையா?"

மறுநாளே அடுப்பை விலைக்கு எடுக்க ஒருவர் வந்து, நீள அகலம் அளக்க ஆரம்பித்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்ல அடுப்பாச்சே. ஏங்க விக்கறீங்க?"

"நீங்களே பாருங்க!" மாஸ்டர் கையிலிருந்த மணப்பெண்ணைக் கீழே வைத்தார். இடுப்புத் துணியில் விரலைத் தேய்த்துக் குத்தினார். மெஷின் மறுபடி கைவிரித்தது.

வந்தவர் மெஷினைப் பார்த்தார். மாஸ்டரின் வெள்ளை வெளேர் விரல்களைப் பார்த்தார். அடுப்பை ஏக்கத்தோடு ஒருமுறை தடவிவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் சுகர்தாண்ணே, அதனால சொல்றேன். இத்தனை நாளா நீங்க பார்த்தது உங்க சுகரை இல்ல, கேக்கோட சுகரை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சிட்டு அப்புறமா குத்துங்க."