ஹாலந்துக்கு வீடு பார்த்த சாவிக்கொத்து

எமதர்மனே ஓர் உயிரை எடுக்க ராயபுரம் பக்கம் வந்தாலும், முதலில் சாவிக்கொத்தைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். எந்தச் சந்தில், எந்த மாடியில் யார் குடியிருக்கிறார், போன மாதமே காலி பண்ணிவிட்டாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிற அளவுக்கு எமலோகத்தில் தெரிய வாய்ப்பில்லை. விலாசத்தைச் சொல்லிவிட்டு, எமனிடமே ஒரு மாத வாடகையைப் புரோக்கரேஜாகக் கேட்டு வாங்கியும் விடுவார்.

ஆமாம், வீட்டு புரோக்கர். டோல்கேட்டிலிருந்து கல்மண்டபம் வரை அவருடைய ராஜ்ஜியம். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பெல்ட்டில் ஒரு பெரிய வளையம் மாட்டி, அதில் ஊரார் வீட்டுச் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பார். அவர் தெருமுனையில் திரும்பினால், ஐஸ் வண்டி மணி என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவரும். அந்தச் சாவிகளில் பாதிக்கு இன்று பூட்டு கிடையாது. சிலவற்றுக்கு வீடே கிடையாது, இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள்.

"அதையெல்லாம் ஏண்ணே சுமக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வூடு போனா இன்னா நைனா, சாவி கீதுல்ல?" என்றார். இதற்கு மேல் என்ன கேட்பது?

வீடு பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் குழாயைத் திறப்பார். பிறகு கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிடுவார். அப்புறம் நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ஒர்த்தரும் பேசாதீங்க. வூடு பேசும்" என்பது உத்தரவு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்கார அம்மாள் காபியோடு வந்து இந்தக் கோலத்தைப் பார்த்து அலறிவிட்டார். அக்கம்பக்கம் கூடி, ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு போன் போட்ட பிறகு, இவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "மேல் வூட்ல கிரைண்டர் ஓடுது. வாடகைல கொஞ்சம் கொறச்சிக்கோங்க" என்றார். குறைத்தும் கொடுத்தார்கள்.

பேரத்துக்கு அவர் கையாண்டது படி இறங்கும் வித்தை. வீட்டுக்காரர் வாடகையைச் சொன்னதும், "சரி, சொல்லி அனுப்பறோம்" என்று பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிவிடுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கிள்ளுவார். பாதிப் படியிலேயே மேலிருந்து, "ஹலோ, நில்லுங்க, பேசிக்கலாம்" என்று குரல் வரும். எனக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும் இந்த வித்தையில்தான். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, மாடியும் கீழுமாக ஒரு வீட்டில் குடியிருக்கிறேன் என்றால் அது அவர் புண்ணியம்.

இந்த மனிதர் ஹாலந்து நாட்டில் வீடு பார்க்கப் புகுந்த கதைதான் இது.

என் மகள் மேகலாவுக்கு அங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரே ஊரில் அல்ல. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், என்ஸ்கெடே என்று மூன்று ஊர்களில். எந்த ஊருக்குப் போவது என்பதைப் படிப்பு தீர்மானிக்கவில்லை, வாடகை தீர்மானித்தது. வங்கிக் கடனில் ஃபீஸ் போக மிஞ்சுவதில்தான் அறை, சாப்பாடு, சைக்கிள், இன்ஷூரன்ஸ் எல்லாம் அடங்க வேண்டும். அந்த நாட்டில் மாணவர்களுக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பாம். ஆகஸ்டுக்குள் அறை கிடைக்காவிட்டால் கிளம்பி வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே எழுதிவிட்டன. அறை இல்லையென்றால் படிப்பும் இல்லை. மேகலா சாப்பிடும்போதும் லேப்டாப்பில் அறை தேடிக்கொண்டிருந்தாள்.

செய்தி எப்படியோ சாவிக்கொத்தின் காதுக்கு எட்டிவிட்டது. படியேறி வந்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இன்னா நைனா, பாப்பாக்கு வூடு பாக்குறியாமே? நா ஒர்த்தன் குத்துக்கல்லாட்டம் கீறேன், என்னாண்ட சொல்லாம கம்ப்யூட்டராண்ட சொல்லிகீறே?"

"அண்ணே, அது ஹாலந்து."

"கீட்டுமே. அங்க மட்டும் வூட்டுக்கு செவுரு இல்லியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லு கண்ணு. மொத ஏரியா இன்னா?"

மேகலா பொறுமையான பெண். "ஆம்ஸ்டர்டாம், மாமா. அங்கதான் வாடகை ரொம்ப ஜாஸ்தி. ஊர் முழுக்கக் கால்வாய். கால்வாய் ஓரத்து வீடுன்னா இன்னும் ஜாஸ்தி."

சாவிக்கொத்து என்னைப் பார்த்தார். மேகலாவைப் பார்த்தார். "கால்வா ஓரத்துக்கு வாடகை ஜாஸ்தியா? நம்ம பக்கிங்காம் கால்வா ஓரத்துல ஓசில குட்தாகூட பார்ட்டி மூக்க பொத்திகினு ஓடறான்! ஆம்ஸ்டர்டாம் கேன்சல். அட்த்தது?"

"ராட்டர்டாம். துறைமுகம் இருக்கற ஊர். ஆம்ஸ்டர்டாமை விடக் கொஞ்சம் கம்மி."

"அப்போ நம்ம ராயபுரம். கன்டெய்னர் லாரி வுடாம போய்கினே இருக்குமே, தூசி எப்டி?"

"தூசியே இல்ல மாமா."

"தூசி இல்லாத இன்னாமா துறைமுகம்?" என்றார், நம்பிக்கையில்லாமல்.

"என்ஸ்கெடே கடைசில இருக்கு. அதைத் தாண்டினா ஜெர்மனி. மூணு ஊர்லயும் செலவு கம்மி இங்கதான். மளிகை சாமானுக்குப் பசங்க சைக்கிள்ல ஜெர்மனி போயிட்டு வருவாங்களாம், அங்க விலை இன்னும் கம்மியாம்."

சாவிக்கொத்து தொடையில் ஓங்கித் தட்டினார். "கும்முடிப்பூண்டி! அத்த தாண்டுனா ஆந்திரா. நா புர்ஞ்சிகினேன்!" அன்றோடு எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயர் கும்மிடிப்பூண்டி ஆகிவிட்டது. என் மனைவி சரளா சொந்தக்காரர்களிடம் போனில் அப்படியே சொல்லி, அந்தப் பக்கம் குழப்பம் ஆனது தனிக் கதை.

அவரை உலுக்கிப் போட்டது வேறொரு விஷயம். அங்கே சில அறைகளைத் தரை இல்லாமலே வாடகைக்கு விடுவார்களாம். காலி பண்ணுகிறவர், தான் போட்ட தரை விரிப்பு, மரப்பலகை எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். வருகிறவர் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"நம்மாளு காலி பண்ண சொல்லோ டியூப்லைட்ட கயட்டினு போவான். அத்துக்கே நா பஞ்சாயத்து பண்ணுவேன். அவன் தரையையே கயட்டினு போறானா?" அன்று அவர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வினை ராட்டர்டாமில் வந்தது. ஒரு டச்சுப் பெரியவர் வீடியோவில் அறையைக் காட்டினார். ஜன்னல், மேஜை, கட்டில், முக்கியமாகத் தரை, எல்லாம் இருந்தது. வாடகைதான் எங்கள் கணக்குக்குக் கொஞ்சம் மேலே. இருந்தாலும் மற்ற செலவை இழுத்துப் பிடித்தால் சமாளிக்கலாம். மேகலாவின் முகம் மலர்ந்துவிட்டது. லேப்டாப்புக்குப் பின்னால் நின்ற சாவிக்கொத்து, கையைக் கீழே கீழே அமுக்கிச் சைகை காட்டினார். அவள் தயங்கித் தயங்கி, குறைக்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே முடியாது என்றார்.

அடுத்த கணம் சாவிக்கொத்து பாய்ந்து வந்து லேப்டாப்பை மூடிவிட்டார்.

"மாமா!"

"கம்முனு குந்து கண்ணு. படி எறங்கிட்டோம்னு அர்த்தம். இப்ப அவனே கூப்டுவான் பாரு."

காத்திருந்தோம். டீ வந்தது. டீ ஆறியது. மேகலா மறுபடி அழைத்தபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் மெயில் வந்தது. தொடர்பு அறுந்துபோனதால் உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன், அடுத்ததாகப் பேசிய மாணவனுக்குக் கொடுத்துவிட்டேன், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார் அந்த நல்ல மனிதர்.

மேகலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சரளா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். சாவிக்கொத்து எழுந்து, சத்தம் வராதபடி சாவிகளை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். மேலிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அதன்பிறகு அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. மேகலா போட்ட மெயில்களுக்கெல்லாம் மன்னிக்கவும் என்றே பதில் வந்தது. கடைசியில் என்ஸ்கெடேயில் மாணவர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு வழக்கம். வீட்டில் ஓர் அறை காலியானால், மற்ற அறைகளில் இருப்பவர்கள் கூடி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிப் பார்த்து, பிடித்தவரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேச வேண்டும்.

"இது பொண்ணு பாக்கறதுதானே?" என்றாள் சரளா.

அந்நியர் நாலு பேர் முன்னால் மேகலாவுக்கு வாய் வராது. சற்று நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சாவி மாமாவை வரச் சொல்லுங்கப்பா" என்றாள்.

"அவரையா?"

"யார் முன்னாடியும் கூச்சமில்லாம பேசறவர் நமக்குத் தெரிஞ்சு அவர் ஒருத்தர்தான். பக்கத்துல இருந்தா எனக்கு தைரியமா இருக்கும்."

வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் வாழைக்காய் பஜ்ஜி. "பொண்ணு பாக்க வராங்கன்னு கேள்விப்பட்டேன். துன்ன முடியாட்டி இன்னா, கண்ணாலயாச்சும் பாக்கட்டும்" என்றார். வாயையே திறக்கக் கூடாது என்று சரளா அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திரையில் ஒரு சோபா நிறையப் பையன்களும் பெண்களும். என்ன சமைப்பாய், பாத்திரம் துலக்குவாயா, பாட்டு சத்தமாக வைப்பாயா என்று கேட்டார்கள். மேகலா ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வார்த்தை, அதிகம் போனால் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைநழுவிப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கடைசியாக ஒரு நெட்டைப் பையன் கேட்டான். மேகலா இல்லை என்று தலையாட்டப் போனாள்.

"தண்ணி கேளு! தண்ணி எப்போ வரும்னு கேளு!" சத்தியம் போன இடம் தெரியவில்லை. பஜ்ஜித் தட்டும் கையுமாகச் சாவிக்கொத்து திரைக்குள் வந்துவிட்டார்.

மேகலா தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் நான் மொழிபெயர்த்தேன். தண்ணீர் எப்போதும் வரும் என்றான் அவன். "எல்லாரும் இப்டித்தான் சொல்வானுங்க. தொறந்து காட்ட சொல்லு." அவன் சமையலறைக்குப் போய்த் திறந்து காட்டினான். "கக்கூஸ்ல இழுத்து வுட சொல்லு." அதையும் செய்தான். சோபாவில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

"இப்ப தரைல படுக்க சொல்லு."

கப்பல் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிப் பழகிய இங்கிலீஷில், தாங்கள் தயவுகூர்ந்து தரையில் படுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று சொன்னேன். நெட்டைப் பையன் ஒரு நொடி யோசித்துவிட்டுப் படுத்தேவிட்டான். கூட இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள். அந்த வீடும் எங்கள் வீடும் கப்சிப்.

"வாஷிங் மெஷின் சத்தம் கேக்குது. என் வயிறு கத்தறதும் கேக்குது, அந்தத் தட்டுல என்ன?" என்றான் அவன், படுத்தபடியே. மேகலா வாய்விட்டுச் சிரித்தாள். பஜ்ஜி எப்படிப் போடுவது என்று மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். அவளை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் சாவிக்கொத்து மறுபடி கையை நீட்டினார். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டு சொல்லு நைனா. பாப்பா தனியா வருது. ஜொரம் கிரம் வந்துச்சின்னா எந்த ரூம் கதவ தட்டணும்?"

நான் சொல்லி முடித்ததும் அங்கே சிரிப்பு நின்றது. சோபா ஓரத்தில் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த செம்பட்டைமுடிப் பெண் கையைத் தூக்கினாள். "என்னுடையது. பக்கத்து அறை" என்றாள். சாவிக்கொத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்தக் கையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நகர்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே மெயில் வந்தது. அறை மேகலாவுக்குத்தான். முடிந்தால் அந்த அங்கிளையும் அனுப்பி வைக்கவும் என்று கீழே ஒரு வரி.

மேகலா போய்ச் சேர்ந்தாள். பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, ஜெர்மனிக்குப் போய் வெங்காயமும் அரிசியும் வாங்கி வருகிறாள். மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்தான், ஆனாலும் சமாளிக்கிறாள்.

எங்களுக்கும் கையைக் கடித்தது. மாடியில் மேகலாவின் அறை சும்மாதானே கிடக்கிறது, யாராவது பேயிங் கெஸ்ட் வைத்தால் கடன் வட்டிக்காவது ஆகும் என்று நானும் சரளாவும் பேசி, சாவிக்கொத்தைக் கூப்பிட்டுவிட்டோம். அன்றைக்கே ஆள் கொண்டுவந்து விடுவார் என்று நினைத்தேன். வந்தவர் கதவைத் திறந்து, வாசலிலேயே நின்றார். கொடியில் அவளுடைய பழைய துப்பட்டா ஒன்று தொங்கியது. அலமாரியில் அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள். உள்ளே கால் வைக்காமல் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"இது காலியில்ல நைனா."

"அவ அங்க இருக்காண்ணே. படிப்பு முடிஞ்சு வர நாளாகும்."

"ஆவட்டும். ஆளு கீற ரூமுக்கு நா பார்ட்டி இட்டாரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெற்றவன் நான் வாடகைக்கு விடத் துணிந்த இடத்தை, அவர்தான் என் மகளுக்காகப் பிடித்து வைத்திருந்தார்.