அப்பாக்கள் குறுக்கே பேசக்கூடாது

'மேடம், நீங்க தலைகீழா தெரியறீங்க' என்று கைபேசித் திரையின் அடியில் ஒரு வரி வந்து நின்றது.

கணக்கு டீச்சர் அதைப் பார்க்கவில்லை. இரும்பு பீரோவின் கதவில் சாக்பீஸால் பெரிதாக 'பின்னங்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தார். பார்த்தவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய கணவர். பாதி முகத்தில் சவர நுரையோடு இருந்தவரை அவசரத்துக்குப் பிடித்து இழுத்து நிறுத்தியிருந்தார் டீச்சர்.

"ஏம்மா, நீ தலைகீழா தெரியறியாம்."

"நான் நேராத்தானே நிக்கறேன்? நீங்கதான் போனைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க!"

மழையில் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகியதால் பழுதுபார்க்க ஒரு வாரம் ஆகும், அதுவரை ஏழாம் வகுப்புக்குக் கைபேசி வழியாகத்தான் பாடம் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் கரும்பலகையைத் தவிர வேறொன்றையும் தொடாதவர் டீச்சர். தலைமையாசிரியை கனிவாகத்தான் கேட்டார்: "ஒத்துவரலைன்னா சொல்லுங்க டீச்சர். உங்க வகுப்பை வேற யாருக்காவது குடுத்துட்டு, நீங்க நூலகத்தைப் பாத்துக்கலாம்."

அந்தக் கனிவுதான் டீச்சரைச் சுட்டது. தன் பிள்ளைகளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதா? கம்ப்யூட்டர் டீச்சரைப் பிடித்து உட்காரவைத்து, எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று பதினோரு படிகளாக ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டார். மூன்றாம் படி: 'ஆசிரியர் குழுவில் கடைசியாக வந்திருக்கும் நீல எழுத்து இணைப்பை அமுக்கவும்.' சரியாகப் பத்து மணிக்கு அமுக்கியாயிற்று.

கணவர் கைபேசியைத் திருப்பினார். இப்போது டீச்சரின் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கினார். விட்டத்து மின்விசிறி தெரிந்தது.

'விசிறி நல்லா தெரியுது' என்று ஒரு வரி வந்தது.

"கை வலிக்குதும்மா" என்றவர், கைபேசியை நாற்காலி முதுகில் வைத்து, துணி உலர்த்தும் கிளிப்பால் கவ்வவைத்தார். கவ்விய வேகத்தில் எதுவோ அமுங்கியது. பீரோ மறைந்து, பனியனும் நுரையுமாக அவருடைய முகமே திரை நிறைய வந்தது.

'யார் நீங்க?' என்று அடுத்த வரி.

திரையை எட்டிப் பார்த்த டீச்சர் அதை மட்டும் படித்துவிட்டார். "எவண்டா அது, யாருன்னு கேக்கறது? ஜூன் மாசத்துலேர்ந்து மூச்சு முட்டப் பாடம் நடத்தறேன், இப்ப யாரா? பள்ளிக்கூடம் திறக்கட்டும், காட்டறேன் யாருன்னு!"

கணவர் பதறி முகத்தை மறைக்கப் போய், வேறெதையோ அமுக்கினார். பீரோ திரும்பி வந்தது. சத்தம் போய்விட்டது. டீச்சர் ஐந்து நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்திய பிறகுதான், 'ஒண்ணும் கேக்கலை' என்று வரிசையாக வந்து குவிந்திருந்த வரிகளைக் கணவர் கவனித்தார். ஏழாம் படியைத் தேடிப் படித்து, ஒலிவாங்கியை அமுக்கினார்.

"முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஒரு போனை நேரா வைக்கத் தெரியலை!" என்று டீச்சர் கத்தியது துல்லியமாகப் போய்ச் சேர்ந்தது.

'இப்ப நல்லா கேக்குது மேடம்.'

"பஸ்ஸா இருந்தா ஒரு கையால ஓட்டுவேன்" என்று முணுமுணுத்தவர், திரையின் மூலையைப் பார்த்துத் திகைத்தார். "ஏம்மா, உன் வகுப்புல முப்பத்தெட்டுப் பேர்தானே? இங்க இருநூத்துச் சொச்சம் போட்டிருக்கே!"

"போன் யாருது? அப்பா அம்மாது. சித்தி, மாமான்னு குடும்பமே உக்காந்து பாக்கும். பாக்கட்டுமே, யாரை வேணாம்னேன்?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார் டீச்சர். இருநூறு பேர் என்றதும் குரல் தானாகவே நிமிர்ந்தது.

"எல்லாரும் ஒரு பழைய பேப்பர் எடுத்துக்குங்க. மூணா மடிங்க. அதுல ஒரு பங்கை மட்டும் பாதியா மடிங்க. முகத்தைக் காட்ட வேண்டாம், பேப்பரை மட்டும் காட்டுங்க."

அப்போது ஒரு கனத்த குரல் கேட்டது. "அம்மா, ஒரு நிமிஷம். இங்க என்ன நடக்குதுன்னா..."

"அப்பாக்கள் குறுக்கே பேசக்கூடாது! பிள்ளைக்குப் பதிலா நீங்க பேசினா, நாளைக்குப் பரீட்சையை யாரு எழுதறது? நீங்களா?"

"அதில்லைம்மா..."

"பேப்பர் மடிச்சீங்களா?"

"இல்லை."

"மடிங்க முதல்ல!"

கனத்த குரல் அடங்கியது. கறுப்பாக இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. குட்டிக் குட்டிக் கட்டங்களில் காகிதங்கள் எழுந்து நின்றன. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்து, நாற்பதில் விட்டுவிட்டார்.

ஒரு காகிதத்தைப் பிடித்திருந்த கையில் மோதிரமும் கடிகாரமும் இருந்தன. "அது அப்பா கை! பிள்ளைகிட்ட குடுங்க!" என்றார் திரைப் பக்கம் வந்து பார்த்த டீச்சர். கை சட்டென்று மறைந்தது.

அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. மூன்றில் ஒன்றின் பாதி ஏன் ஆறில் ஒன்று என்பதை டீச்சர் எழுதிக் காட்டவில்லை. மடிக்கவைத்து, பிரிக்கவைத்து, கோடுகளை எண்ணவைத்தார். தப்பாக மடித்தவரை முதலிலிருந்து மடிக்கச் சொன்னார். பீரோவில் இடம் தீர்ந்தபோது அறைக்கதவில் எழுதினார். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. கால் பங்கில் மூன்றில் ஒன்று எவ்வளவு என்று வீட்டுக்கணக்கு கொடுத்துவிட்டு, பதினோராம் படியில் இருந்தபடி சிவப்புப் பொத்தானைத் தானே அமுக்கினார்.

வீடு அமைதியானது. கணவரின் முகத்தில் நுரை காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"இத்தனை வருஷத்துல உன் வகுப்பை நான் பாத்ததே இல்லை" என்றார் அவர். "நானே மடிச்சேன் தெரியுமா? இந்தா பாரு." சட்டைப் பைக்குள் போகிற அளவுக்கு மடித்த காகிதத்தை நீட்டினார். டீச்சர் அதை வாங்கி, மடிப்புச் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

உடனே தலைமையாசிரியைக்குப் போன் போட்டார். "வகுப்பு அமோகமா முடிஞ்சுது. நூலகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

"எந்த வகுப்பு டீச்சர்? எல்லாம் ஒருநாள் தள்ளிப்போச்சுன்னு நேத்தே குழுவில போட்டேனே. உங்க பிள்ளைங்களுக்கு நாளைக்குத்தான் பாடம்."

டீச்சர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "அப்ப நான் யாரை..." என்று ஆரம்பித்தவர் பீரோவில் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். இருநூறு பேர்! யாரையெல்லாம் 'எவண்டா' என்றோம்? யார் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினோம்?

இணைப்பைத் துண்டிப்பதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கணவர்தான் பச்சையை அமுக்கி, சத்தத்தைக் கூட்டி, அவர் காதருகே பிடித்தார். இந்த முறை நேராக.

"வணக்கம்மா, கல்வி அலுவலகத்து உதவியாளர் பேசறேன். காலையில நாங்க ஆசிரியர் குழுவுல போட்ட இணைப்புல வந்தீங்களே. நடுவுல குறுக்கே பேசினதுக்கு அதிகாரி ஐயா வருத்தம் சொல்லச் சொன்னார்."

"ஐயோ, நான் தெரியாம..."

"போன்ல பாடம் நடத்தறது எப்படின்னு எத்தனையோ பேர் வந்து பயிற்சி குடுத்திருக்காங்கம்மா, ஆனா உங்களை மாதிரி, வர்ற தப்பு அத்தனையையும் முதல்ல தத்ரூபமா செஞ்சு காட்டிட்டு அப்புறம் பாடத்தை ஆரம்பிச்ச நிபுணரைப் பாத்ததே இல்லைன்னு இருநூறு வாத்தியாருங்களும் சொல்றாங்க, அடுத்த மாசமும் நீங்களே வந்து எடுக்கணுமாம்!"