தவக்காலத்தில் நான் துறந்த மாத்திரை

பென்னாகரம்,
உயிர்ப்பு ஞாயிறு

அன்பு மகன் ஆரோக்கிய பிரவீனுக்கு,

அம்மா மதலேனம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். நீயும் துபாயில் வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசை தவறாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கிறிஸ்துமசுக்கு அனுப்பிய ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையைப் பற்றி உன் அண்ணி மோனிஷா ஏதாவது சொன்னால் நம்பாதே. அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், அவ்வளவுதான். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு முதல் பரிசு வாங்கியவள். டப்பாவில் பெரிய எழுத்தில் இருந்ததை முழுவதும் படித்துவிட்டுத்தான் தினம் இரண்டு விழுங்கினேன். முக்கியமான விஷயத்தை எந்தக் கம்பெனியும் பொடி எழுத்தில் அச்சடிக்காது. மூன்றாம் வாரம் கையில் நாவற்பழ நிறத்தில் திட்டுத் திட்டாக வந்தது, பல் துலக்கினால் ரத்தம்.

"அத்தை, நீங்க இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை போடறீங்க. அதோட இதையும் சேர்த்தா ரத்தம் நிக்காதுங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள் மோனிஷா.

"இது மருந்தில்லம்மா, சத்து. முருங்கைக்கீரை தின்னதுக்கெல்லாம், சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற மாதிரி, டாக்டர்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுவாங்களா?"

"முருங்கைக்கீரை டப்பாவுல வராதுங்க அத்தை."

இதற்கிடையில் என் முன்பல் ஆட ஆரம்பித்து, கோயிலில் வாசகம் படிக்கும்போது விசிலடித்தது. இருபத்திரண்டு வருடமாக உயிர்ப்பு ஞாயிறு முதல் வாசகம் என்னுடையது. "அக்காவுக்கு இந்த வருசம் ஓய்வு குடுத்துடலாமுங்க சாமி, நான் படிக்கறேன்" என்று ஞானசவுந்தரி பங்குச் சாமியாரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. தருமபுரிப் பல் டாக்டரோ என் கையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆறட்டும்மா, அப்புறம் பல்லைப் புடுங்கலாம்" என்று வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. மற்றவர்கள் கறியை விடட்டும். நான் எனக்குப் பிரியமான அந்தச் சத்து மாத்திரையையே ஒறுத்தலாக ஒப்புக்கொடுத்தேன். மோனிஷா சொன்னதற்காக அல்ல. மூன்று வாரத்தில் திட்டுகள் மறைந்தன, ஈறு தேறியது, பல்லைப் பிடுங்கி, கழற்றி மாட்டும் பல் வைத்து, இன்று காலை ஒரு விசில் இல்லாமல் வாசகத்தை முடித்தேன். ஞானசவுந்தரி மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரையை விட்டதாலதானே அத்தை?" என்று சிரித்தாள் மோனிஷா. "தவத்தால" என்றேன். ஆகவே மாத்திரையில் குற்றமில்லை. தவக்காலம் முடிந்தது, பிரியாணிக்குப் பிறகு மறுபடி ஆரம்பிக்கிறேன். இன்னும் மூன்று டப்பா அனுப்பு.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
மதலேனம்மாள்

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் பத்து நாள் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்று வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. டப்பா அனுப்பாதே. இதய டாக்டரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. மோனிஷாதான் கூட வந்து பொடி எழுத்தை அவருக்குப் படித்துக் காட்டினாள். நீயும் படித்துப் பார். என் தவக்காலத்தை ஆயுள் முழுவதற்கும் நீட்டித்திருக்கிறேன். மோனிஷா சொன்னதற்காக அல்ல.