கைக்கு நான் போட்ட அட்டவணை

விதிமுறை தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆலோசனை கேட்கப் போகும்போதே முடிவையும் கைப்பையில் எடுத்துக்கொண்டு போவார்கள். அரசுச் செயலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு நடை, பட்டினி என்று பதினாறு கிலோ குறைத்தேன். கொழுப்பு போனது, தோல் போகவில்லை. ஊழியர்கள் அத்தனை பேரும் மாற்றலாகிப் போன பின்பும் இடிக்கப்படாத அலுவலகக் கட்டடம் மாதிரி இரண்டு மேல்கைகளும் தொங்கின. (முன்பு "குண்டு" என்றவர்கள் இப்போது "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்கள். முன்னேற்றம்தான்.)

வலியசாலை அக்ரகாரத்தில் எங்களுக்கு எதிர்வீடு என் நாத்தனார் ராஜம். என் மகள் நித்யாவின் நிச்சயதார்த்தத்தன்று, விருந்தினருக்குக் கையசைத்து விடைகொடுத்துவிட்டு உள்ளே திரும்பினேன். ரவிக்கைத் துணிக்குள்ளும் கை ஆடியிருக்க வேண்டும். ராஜம் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"மன்னி, நீங்க நிறுத்தியாச்சு. உங்க கை இன்னும் டாட்டா காட்டிண்டிருக்கு, கேட்டேளா!"

கூடம் சிரித்தது. சம்பந்தி அம்மாளும் சிரித்தாள். முப்பது வருஷமாக முழங்கை வரை மூடிய ரவிக்கையே போட்டுவந்தவள், அன்றைக்கு முடிவு செய்தேன். மகள் கல்யாணத்தில் சின்னக் கை ரவிக்கையோடு நிற்பேன். ஒரே ஒரு புகைப்படத்திலாவது. அது எப்படி நடந்தது என்று மட்டும் ராஜத்துக்குத் தெரியக் கூடாது.

கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. மேல்கைத் தோலைச் சரிசெய்ய நாலு வழி உண்டு என்று ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டேன். கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுப்பது ஒன்று. அக்குளில் மட்டும் கீறி, மேல்பக்கத் தோலை இழுத்துத் தைக்கிற 'மினி' ஒன்று. அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாகக் கீறுகிற முழு அறுவை சிகிச்சை மூன்றாவது. அதையும் தாண்டி விலாப்பக்கம் வரை நீளுவது நாலாவது. வேறு யாராயிருந்தாலும் எது பொருத்தம் என்று டாக்டரைக் கேட்டிருப்பார்கள். நான் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: தழும்பு எங்கே, வலி எவ்வளவு, ஓய்வு எத்தனை நாள், பார்ப்பவர்களுக்குத் தெரியுமா. உறிஞ்சுவது முதலிலேயே தள்ளுபடி. (உடம்பில் மிச்சம் இல்லை. பேச்சில் இருந்த கொழுப்பை எடுக்க ஊசி கிடையாது.) மற்ற மூன்றில் மினிக்கு நாலு கட்டத்திலும் வெற்றி.

டாக்டர், என் மகள் வயதுள்ள மலையாளிப் பெண். என் கையைத் தூக்கி, தொங்கும் தோலை அக்குளிலிருந்து முழங்கை வரை கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள்.

"மேடம், எல்போ வரைக்கும் லூசாணு. மினி செஞ்சா மேல கொஞ்சம் டைட் ஆகும், அவ்வளவுதான். உங்களுக்கு ஃபுல் வேணும்."

"தழும்பு?"

"உள்பக்கம் நீளமா வரும். மங்கறதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

அட்டவணையை நீட்டினேன். மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்தாள்.

"எல்லாம் இருக்கு மேடம். இதுல உங்க கை எவிடே?"

என் கை எங்கே என்று என்னையே கேட்கிறாள்; துடுக்குத்தனம் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். யோசித்து வரச்சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை, 'பலன் குறைவாகவே இருக்கும் என்பதை அறிந்தே சம்மதிக்கிறேன்' என்று நானே எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுபோனேன். அந்தப் பெண் எச்சரித்தாள் என்பதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ராஜத்திடம் வித்துரா மலையூரில் பழைய சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மினியை முடித்துக்கொண்டு, ஊரின் மறுகோடியான கழக்கூட்டத்தில் நித்யாவின் வாடகை ஃபிளாட்டில் மூன்று வாரம் கிடந்தேன். தோளுக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது. தலை பின்னிவிட்டது நித்யாதான்.

"அம்மா, இதெல்லாம் என் கல்யாணத்துக்கா, அத்தைக்கா?" என்றாள் ஒருநாள், சீப்பை நிறுத்தாமலே.

"பின்னலை இறுக்கிப் போடு" என்றேன்.

வீக்கம் வடிந்ததும், சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கிற செல்லையாவிடம் போனேன். நாகர்கோவில்காரர். கல்யாணத் துணி எடுக்க ராஜமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். செல்லையா டேப்பால் அளந்தார். பிறகு தன் பழைய அளவு நோட்டைப் புரட்டினார். மறுபடியும் அளந்தார்.

"அம்மா, மேல ரெண்டு இஞ்சு கொறஞ்சிருக்கு. கீழ பழைய அளவேதான் நிக்கி. இது எப்பிடிம்மா?"

"வயசு" என்றேன்.

"வயசானா மேல மட்டுமா குறையும்?" என்றாள் ராஜம்.

காது கேட்காதவள் போல, சின்னக் கை வேண்டும் என்றேன். அவர் என் பழைய ரவிக்கையின் கையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

"சின்னக் கைன்னா இம்புட்டுதான் வரும். கொறஞ்ச எடம் பூரா துணிக்குள்ள போயிரும். தொங்குற எடந்தான் வெளிய நிக்கும். பாத்துக்கிடுங்க."

அந்தக் கோட்டைப் பார்த்தேன். அறுத்து, தைத்து, மூன்று வாரம் தலைகூடப் பின்னிக்கொள்ள முடியாமல் கிடந்து நான் சரிசெய்தது, எந்த ரவிக்கையும் எப்படியும் மறைத்துவிடுகிற இடத்தை. 'துணிக்கு வெளியே எது தெரியும்?' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. செல்லையாவுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ராஜம் கோட்டைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"வித்துராவில நல்ல கிளைமேட்டாக்கும், மன்னி?"

முழு அறுவைக்கு இனி நாள் இல்லை. கல்யாண ஆல்பத்தில் முழங்கை வரை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். செல்லையா கோடு போட்ட அன்றிரவே நித்யா என் அட்டவணையை அத்தையிடம் காட்டி, நான் புலம்பிய ஐந்தாவது கட்டத்தையும் சொல்லிவிட்டாள். (பெற்ற பெண்.) அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சொதப்பினாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே. போன மாதம் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் வாசல் நிலையில் நுழையாமல் தெருவிலேயே நின்றது. எதிர்வீட்டுப் படியிலிருந்து குரல் வந்தது: "அஞ்சாவது கட்டம் போட்டேளா, மாப்பிள்ளை?"

ஃபிரிட்ஜ் இறக்க வந்தவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு விளங்குவதற்காக ராஜம் தன் கையைத் தூக்கி, அக்குளிலிருந்து முழங்கை வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அவள் கையும் என் கை மாதிரியேதான் தொங்குகிறது. அவள் போட்டிருந்தது சின்னக் கை ரவிக்கை. என்றைக்கும் அதுதான்.