கவரைப்பேட்டையில் குறி பார்க்கப்படும்

கவரைப்பேட்டை ரயிலடிக்குப் பின்னால் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. ரேஷன் வரிசை இல்லை, ஆஸ்பத்திரி வரிசையும் இல்லை. நாற்பது ஆண்கள், நாற்பது தோளிலும் துப்பாக்கி. ஊருக்குப் புதிதாக யாராவது வந்திருந்தால், போர் மூண்டுவிட்டது என்று வந்த வண்டியிலேயே திரும்பியிருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் ஸ்பிரிங் வைத்து ஈயக்குண்டு துப்பும் ஏர் ரைபிள்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகள் வருஷா வருஷம் நடத்தும் சுடும் போட்டிக்காக வாங்கியவை.

வரிசையின் அந்தக் கடைசியில் பலகை தொங்கியது. "குறி சித்தர் ஆதிநாராயண சுவாமிகள். குறி பார்க்கப்படும். துப்பாக்கிக்கும் ஜாதகம் கணிக்கப்படும்."

மனிதனுக்குப் பார்த்தாயிற்று, மாட்டுக்குப் பார்த்தாயிற்று, மாடி வீட்டுக்குப் பார்த்தாயிற்று. துப்பாக்கி மட்டும் என்ன பாவம் செய்தது? நாடு முன்னேறுகிறது ஐயா!

வரிசையில் பன்னிரண்டாவதாக நின்ற ஆசீர்வாதத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான்.

ஆசீர்வாதம் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். போன வருஷம் இறுதிச் சுற்றில் பத்துக் குண்டு சுட்டார். பத்தும் அட்டையில் பாய்ந்தன. பக்கத்தில் நின்ற எதிரிக் கம்பெனிக்காரன் அட்டையில்! கோப்பை அந்தக் கம்பெனிக்குப் போனது. பட்டம் மட்டும் ஆசீர்வாதத்துக்கு வந்தது. பக்கத்து இலைக்குப் பரிமாறியவர் என்பதால் கேன்டீனில் அவருக்குப் 'பாயசம்' என்று பெயர் வைத்தார்கள். சூபர்வைசர் கூப்பிட்டார், கேட் செக்யூரிட்டி கூப்பிட்டார். கடைசியில் கட்டின மனைவி மேரியே ஒருநாள், "பாயசம், தண்ணி கேன் வந்துகிது, தூக்கினு வா" என்றாள். மனுஷன் உடைந்துபோனார்.

"வர்ற ஞாயித்துக்கெழம செலக்சன்ல நூத்துக்கு எழுவத்தஞ்சு எடுக்கலன்னா டீம்ல எடமில்ல மேரி. இந்தப் பேரு என்ன உடாது. நாளைக்கு என் கல்லறையில கூட பாயசம்னுதான் எழுதுவானுங்க."

"பரவால்ல, இனிப்பான பேருதான?" என்றாள் மேரி.

இரண்டு மாதம் முன்பு இதே ரயிலடியில் அவர் ஆட்டோக்காரரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "துப்பாக்கில குறி சரியில்லபா. குறி பாக்கறவரு யாருனா இக்கிறாரா?"

ஆட்டோக்காரருக்குத் தெரிந்த குறி ஒன்றுதான். நேராக ஆதிநாராயணன் வாசலில் இறக்கிவிட்டார். அப்போது அவர் வெறும் சித்தர், வாரத்துக்கு இரண்டு கிராக்கி. துப்பாக்கியோடு ஒருவர் உள்ளே நுழைந்ததும் சித்தர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

"நைனா, சுட்டுடாத! உன் பொண்ணுக்குத் தை மாசம் வரன் வரும்னு சொன்னது நான்தான். வரலன்னா மாசி வரைக்கும் டைம் குடு!"

"சாமி, எனக்குப் பொண்ணே இல்ல. குறி தப்புது, பாத்துக் குடுங்க."

முக்காலமும் உணர்ந்தவர் வெளியே வந்து முதலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார், ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் தன் எதிர்காலம் பளிச்சென்று தெரிந்தது. அவர் வாழ்க்கையிலேயே பலித்த முதல் குறி அது.

"துப்பாக்கி பொறந்த ஷிப்ட் இன்னா?"

"தெரியலயே சாமி."

"செகண்ட் ஷிப்ட்டுதான். ராகு காலத்துல ஸ்பிரிங் மாட்டிக்கிறான். தோஷம்!"

துப்பாக்கியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். பத்து நிமிஷம் மணி ஆடியது, புகை வந்தது, "ஹூம், ஹூம்" என்று சத்தம் கேட்டது. திரும்பி வந்த துப்பாக்கி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நேராகச் சுட்டது! மூன்று நாள் சுட்டது. நாலாம் நாள் மறுபடி பக்கத்து இலை.

"முதல் கட்டம் மூணு நாள்தான் தாங்கும். அப்கிரேடு பண்ணணும்" என்றார் சித்தர்.

அப்புறம் அப்கிரேடு மேல் அப்கிரேடு. கன்னம் வைக்கும் மெத்தைக்கு அடியில் செப்புத் தகடு. குழலின் முனையில் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம். முன்பக்கத்துக்கு இரண்டு கால் ஸ்டாண்டு, ஒரு கால் சனிக்கு, ஒரு கால் ராகுவுக்கு. தோள்வாரில் மந்திரக்கயிறு. அதில் சித்தர் பரம சமத்துவவாதி. இந்துவுக்கு மஞ்சள், முஸ்லிமுக்குப் பச்சை, கிறிஸ்தவருக்கு வெள்ளை. சாயத்தைக் கழுவினால் மூன்றும் ஒரே கடை நூல். எல்லாம் பூட்டி முடித்தபோது துப்பாக்கி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. தூக்கிச் சுடத்தான் இரண்டு ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு அப்கிரேடும் மூன்று நாள் பலித்தது, நாலாம் நாள் படுத்தது. செய்தி பரவி, தொழிற்பேட்டையே கவரைப்பேட்டைக்குப் படையெடுத்தது.

மசியாத ஆள் ஒருத்திதான், அணித் தலைவி சைதா. அதே கம்பெனியில் தரப் பரிசோதனை அவள் வேலை. சொந்த ஊர் பழவேற்காடு. மீன்காரர் சத்தியமே செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிற ஊர்.

"அது இன்னாண்ணா கரெக்டா மூணு நாளு? உங்க சாமி சக்தி காண்ட்ராக்ட்ல வேல செய்தா?" என்று கேட்டு, துப்பாக்கியை வாங்கினாள். குறி பார்க்க மேலே மாட்டியிருந்த ஸ்கோப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினாள். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, ஸ்கோப்பைப் பிடித்திருந்த நாலு திருகிலும் ஒரு கோடு போட்டாள். திருகின் தலையில் தொடங்கி வளையம்வரை ஒரே நேர்கோடு. தொழிற்சாலையில் தினம் ஆயிரம் திருகில் போடுகிற கோடுதான். திருகு நகர்ந்தால் கோடு உடையும்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"என் பங்குக்குத் திருஷ்டி கழிக்கிறேன். நீங்க போய்க்கினு வாங்க."

அந்தத் திருஷ்டியோடுதான் ஆசீர்வாதம் பன்னிரண்டாவதாக நின்றார். மறுநாள் துப்பாக்கி திரும்பியபோது நாலு கோடும் உடைந்திருந்தன. திருகுகள் வலப்பக்கம் இறுகியிருந்தன.

"பாருங்கண்ணா, திரைக்குப் பின்னால உங்க ஆளு திருகு முடுக்கினுகிறாரு. ஸ்பிரிங் அடிக்கிற அடியில மூணு நாள்ல மறுபடி லூசாவுது. அவ்ளோதான் தோஷம்."

இங்கே ஆசீர்வாதம் தெளிந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? நம்பிக்கை அவ்வளவு மலிவா என்ன?

"பாத்தியாம்மா சாமி சக்திய!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருகக் கூட மந்திரத்தாலயே திருப்பிக்கிறாரு!"

சைதா தலையில் கை வைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுச் சொன்னாள்: "சரிண்ணா. ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் திருப்பட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மைதானத்தில் திருவிழாக் கூட்டம். சித்தர் மாலையோடு வந்திறங்கினார். சைதா எல்லோரும் பார்க்கத் திருகுகளை அரைச் சுற்று தளர்த்தி, புதுக்கோடு போட்டு, துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள்.

"சாமி, மந்திரம் சொல்லுங்க. திரை வாணாம், கை படக்கூடாது. கோடு ஒடஞ்சா நானே வரிசையில வந்து நிக்கிறேன்."

சித்தருக்கு வேர்த்தது. "திரை இல்லாம தெய்வம் வெக்கப்படும்மா."

"நாங்க கண்ண மூடிக்கிறோம். கேமரா மட்டும் தொறந்திருக்கட்டும்" என்று செல்போனை மேஜைமேல் சாய்த்து வைத்தாள்.

சித்தர் "ஹூம்" என்றார். "ஹ்ரீம்" என்றார். இருமினார். இருபது நிமிஷம் ஆனது. கோடு கோடாகவே இருந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் வெயில் தாங்காமல் கீழே விழுந்தது.

ஆசீர்வாதம் அப்போதும் விடவில்லை. "சக்தி உள்ளுக்குள்ள எறங்கிருக்கும்" என்று துப்பாக்கியைத் தூக்கி, சோதனையாக ஐந்து குண்டு சுட்டார். அவர் அட்டை கன்னி அட்டையாகவே இருந்தது. பக்கத்து அட்டையில் ஐந்து ஓட்டை.

"பாயசம்!" என்று மைதானமே கத்தியது.

அவர் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் வரிசை, எத்தனை கயிறு! சித்தரிடம் திரும்பினார். "சாமி, எல்லார் முன்னாடியும் என் மானம் போவுது. அன்னிக்குப் பண்ணத இப்ப பண்ணுங்க சாமி!"

கூட்டத்தின் கண் எல்லாம் அட்டைமேல் இருந்த நேரம் பார்த்து, சித்தர் இடுப்பு மடிப்பில் கையை விட்டார். பழக்க தோஷம். பதற்றத்தில் எடுத்தது நழுவிச் சிமெண்டுத் தரையில் 'டிங்' என்று விழுந்தது. ஒரு அலன் கீ, திருகு முடுக்குகிற வளைந்த கம்பிச் சாவி.

டூல் ரூம் அப்பாவு குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "டேய், இது நம்ப கம்பெனி நம்பரு! மூணு வருசமா தேடினுகிறேன்." சித்தரை ஏற இறங்கப் பார்த்தார். "தாடிய எடுத்தா... காண்ட்ராக்ட்ல இருந்த ஃபிட்டர் ஆதிதான நீ?"

"அலன் கீயும் ஒரு யந்திரம்தானே நைனா" என்றார் சித்தர். சொல்லும்போதே கால்கள் கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தன. வேட்டி ஓட வசதியில்லை என்பது அன்று தெரிந்தது. வரிசையில் நின்ற அதே நாற்பது பேரும் தங்கள் துப்பாக்கி முனையில் தொங்கிய நாற்பது எலுமிச்சம்பழத்தை எறிந்தார்கள். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை!

சைதா தகடு, மெத்தை, கயிறு, சனி, ராகு எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போட்டாள். திருகு நாலையும் முடுக்கினாள். மூன்று குண்டு சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைச் சரிசெய்தாள். மொத்தம் ஐந்து நிமிஷம்.

ஆசீர்வாதம் தேர்வுக்குச் சுட்டார். பத்துக் குண்டு, எண்பத்திரண்டு. அத்தனையும் தன் இலையில்! அணியில் இடம் உறுதி. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"பேரு போச்சும்மா!" என்றார்.

"போவலண்ணா, மாறிகிது" என்றாள் சைதா. கேன்டீன் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "அலன் கீ! டீ குடிக்க வர்றியா?"

கவரைப்பேட்டைப் பலகையை மறுநாளே காணவில்லை. ஆந்திரா பக்கம் ஒரு ஊரில் டிராக்டருக்கு ஜாதகம் பார்க்கிறார்களாம், வரிசை நிற்கிறதாம். துப்பாக்கியில் குறி பார்க்க ஒரு கண்ணை மூடினால் போதும். சித்தரிடம் குறி பார்க்கத்தான் இரண்டையும் மூட வேண்டியிருக்கிறது. தோழர்களே, திருகு லூசானது துப்பாக்கியில் மட்டும்தானா என்று ஒருமுறை தலையைத் தொட்டுப் பாருங்கள்.